பஞ்சர் கடையும் யூனிக்ஸ் கட்டளைகளும்



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத் தோழர்கள் கேட்டதும், எதைப் பற்றி எழுதுவது என்று 2 நாள் யோசித்தேன். ரோபோ, ராக்கெட், செயற்கை அறிவு என்று எழுத நம் துறையிலேயே கெட்டிக்காரர்கள் பலர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது மிகச் சின்ன விஷயம். லேபில் கறுப்புத் திரையில் தினமும் தட்டுகிறோமே, 'எல்எஸ்', 'சிபி', 'ஆர்எம்' என்று, அந்தக் கட்டளைகளைப் பற்றித்தான். "அதுல எழுத என்னடா இருக்கு?" என்று கேட்காதீர்கள். அப்படி ஒரு கட்டளையால் என் நண்பனின் புராஜெக்ட் ரிப்போர்ட் முழுவதும் போய், அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் நின்ற கதையும் இதில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். எங்கப்பா பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பஞ்சர் ஒட்டுவதுதான் முக்கிய வேலை. பழுது பார்ப்பது என்றால் என்ன என்பதை நான் முதலில் பார்த்தது அந்தக் கடையில். இரண்டாவதாகப் பார்த்தது இந்தக் கறுப்புத் திரையில். இரண்டும் ஒரே பாடம்தான் என்று புரிய எனக்கு 3 வருடம் ஆயிற்று.

கருவிப் பெட்டி

முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகளுக்காக ஒரு சின்ன அறிமுகம். 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் உருவாக்கத் தொடங்கியது யூனிக்ஸ். அதன் தத்துவம் எளிமையானது. ஒரு பெரிய புரோகிராம் எல்லா வேலையையும் செய்ய வேண்டாம். சின்னச் சின்னப் புரோகிராம்கள் இருக்கட்டும், ஒவ்வொன்றும் ஒரே ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யட்டும். 'சார்ட்' வரிசைப்படுத்தும். 'கிரெப்' தேடும். 'டபிள்யூசி' எண்ணும். ஒன்றின் விடையை அடுத்ததற்குள் செலுத்த 'பைப்' என்ற குழாய் வசதி 1973-ல் வந்தது. அந்த யோசனையைச் சொன்னவர் டக் மெக்கில்ராய்.

எங்கப்பா கடையில் ஒரு தகரப் பெட்டி உண்டு. ஸ்பேனர், டயர் கழற்றும் லீவர், உப்புத்தாள், சொல்யூஷன் டியூப், கத்தரி என்று எல்லாம் தனித்தனியாக இருக்கும். எல்லாம் சேர்ந்தால்தான் வேலை. யூனிக்ஸும் அப்படி ஒரு தகரப் பெட்டிதான். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் யூனிக்ஸ் மாதிரியே நடந்துகொள்கிறது. அதில் நாம் பயன்படுத்தும் 'எல்எஸ்', 'கேட்', 'ஆர்எம்' போன்ற கட்டளைகள் பெரும்பாலும் 'க்னூ கோர்யூட்டில்ஸ்' என்ற தொகுப்பிலிருந்து வருபவை. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டளைகள் இருக்கின்றன.

ஸ்பேனர் பழுதாகுமா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஐம்பது வருடமாக இருக்கும் கட்டளையில் இனி என்ன பிழை வரப்போகிறது? யாரோ எழுதி முடித்துவிட்டார்கள், நாம் தட்டினால் போதும் என்றிருந்தேன். அது எவ்வளவு பெரிய அறியாமை!

என் கையால் நடந்தது

போன செமஸ்டரில் லேப் கம்ப்யூட்டரில் டிஸ்க் நிரம்பிவிட்டது. "பழைய ஃபோல்டரையெல்லாம் தூக்குங்கப்பா" என்று லேப் அண்ணன் சொன்னார். எங்கள் பேட்ச் முழுவதும் ஒரே லாகின்தான். 'ஓல்டு' என்று பெயர் வைத்த ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக அழிப்பதற்குப் பதில், நான் பெரிய மேதாவி மாதிரி 3 வரியில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். 'எல்எஸ்' பெயர்களைக் கொடுக்கும், 'கிரெப்' அதில் 'ஓல்டு' என்று வருவதைப் பொறுக்கும், ஒவ்வொரு பெயரையும் 'ஆர்எம்' அழிக்கும். தட்டினேன். ஏதோ ஒரு பிழைச் செய்தி வந்தது. 'ஓல்டு' என்று ஒரு ஃபைல் இல்லை என்றது. நான் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் என் நண்பன் வந்து, "மச்சி, என் ரிப்போர்ட்டைக் காணோம்டா" என்றான். அவனிடம் 2 ஃபோல்டர் இருந்தன. ஒன்றின் பெயர் 'ஓல்டு ரிப்போர்ட்'. மற்றதன் பெயர் வெறும் 'ரிப்போர்ட்'. முதலாவது வேண்டாத பழையது. இரண்டாவதில்தான் 42 பக்க இறுதி அறிக்கை இருந்தது. என் ஸ்கிரிப்ட் வேண்டாததைப் பத்திரமாக வைத்துவிட்டு, வேண்டியதை அழித்திருந்தது! 'ஆர்எம்' கட்டளைக்குக் குப்பைத் தொட்டி கிடையாது. போனால் போனதுதான். ரிவ்யூவுக்கு 3 நாள்தான் இருந்தது.

அவன் அப்பா கல் உடைக்கும் வேலைக்குப் போகிறவர். அவனும் வீட்டில் முதல் ஆள். கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "விடு மச்சி, சாருக்குக் காட்டப் பிரிண்ட் எடுத்தது பாதி இருக்கு" என்றுதான் சொன்னான். இரண்டு ராத்திரி அவன் வாசிக்க வாசிக்க நான் டைப் செய்தேன். மீதியை நினைவிலிருந்து எழுதினான். ரிவ்யூ முடிந்தது. ஆனால் என் மனது ஆறவில்லை. கட்டளை ஏன் இப்படிச் செய்தது?

காற்று எங்கே போகிறது?

அன்று கடையில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னேன். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "மறுபடியும் அதே மாதிரி பண்ணிப் பாத்தியா?"

பஞ்சர் என்று வண்டி வந்தால் அப்பா உடனே ஒட்ட மாட்டார். டியூபைக் கழற்றிக் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக முக்குவார். எங்கே குமிழி வருகிறதோ அங்கேதான் ஓட்டை. குமிழியைப் பார்க்காமல் ஒட்டினால் சொல்யூஷன்தான் தண்டம்.

புரோகிராம் பிழையைத் திருத்துகிறவர்களுக்கும் முதல் விதி இதுதான். பிழையை நம் கண்முன்னே மறுபடி வரவழைக்க வேண்டும். வரவழைக்க முடியாத பிழையைத் திருத்திவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. நல்ல பிழை அறிக்கையில் 4 விஷயம் இருக்க வேண்டும். எந்தப் பதிப்பு, என்ன தட்டினேன், என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது. "வேலை செய்யலை சார்" என்பது பிழை அறிக்கை ஆகாது. "வண்டி ஓடலை" என்று சொல்லிவிட்டுப் போகிற வாடிக்கையாளர் மாதிரிதான் அது.

ஒரு காலி ஃபோல்டர் உண்டாக்கி, அதற்குள் 'ஓல்டு ரிப்போர்ட்', 'ரிப்போர்ட்' என்ற 2 ஃபோல்டரை வைத்து என் ஸ்கிரிப்டை ஓட்டினேன். அதே பிழைச் செய்தி. 'ரிப்போர்ட்' காணோம். குமிழி தெரிந்துவிட்டது!

விஷயம் இதுதான். ஷெல்லுக்கு இடைவெளி என்றால் சொல் பிரியும் இடம். 'ஓல்டு ரிப்போர்ட்' என்ற ஒரு பெயரை அது 'ஓல்டு', 'ரிப்போர்ட்' என்று 2 பெயராகப் பிரித்துக்கொண்டது. 'ஓல்டு' என்று எதுவும் இல்லை, அதனால்தான் அந்தப் பிழைச் செய்தி. 'ரிப்போர்ட்' இருந்தது, அழித்துவிட்டது. நான் அலட்சியம் செய்த அந்த ஒரு வரிச் செய்தியிலேயே எல்லாம் சொல்லப்பட்டிருந்தது.

முள் டயரில் இருக்கிறது

புத்தகத்தைப் புரட்டினேன். பெயரை இரட்டை மேற்கோள்குறிக்குள் போட்டால் பிரியாது என்றிருந்தது. 'ஆர்எம்' வரியில் மேற்கோள்குறி போட்டேன். முடிந்தது என்று நினைத்து மறுபடி சோதித்தேன். மறுபடியும் 'ரிப்போர்ட்' காணோம்!

இங்கே அப்பாவின் இரண்டாவது பாடம். டியூபை ஒட்டியதும் அவர் டயரின் உட்பக்கம் முழுவதும் விரலால் தடவிப் பார்ப்பார். சீமைக் கருவேல முள் ஒடிந்து அங்கேயே குத்திக்கொண்டிருக்கும். முள்ளை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டிக் கொடுத்தால், நாளைக்கு அதே இடத்தில் பஞ்சர். ஓட்டை டியூபில் இருந்தாலும் காரணம் டயரில் இருக்கிறது.

என் முள் எங்கே? 'ஆர்எம்' வரிக்கு வருவதற்கு முன்பே, 'எல்எஸ்' கொடுத்த பட்டியலை ஷெல் வாங்கும் இடத்திலேயே பெயர் உடைந்துவிட்டது. உடைந்த துண்டுக்கு அப்புறம் மேற்கோள்குறி போட்டு என்ன பயன்? 'எல்எஸ்' அச்சிடுவது மனிதர் பார்ப்பதற்கு. அதை இன்னொரு புரோகிராமுக்குத் தீனியாகக் கொடுத்தது என் அடிப்படைத் தவறு. 'எல்எஸ்', 'கிரெப்' இரண்டையும் எடுத்துவிட்டு, 'ஓல்டு' என்பதோடு நட்சத்திரக்குறி போட்டு ஷெல்லிடமே பெயர்களைக் கேட்டேன். அப்படிக் கேட்டால் இடைவெளி இருந்தாலும் பெயர் முழுசாக வருகிறது. மேற்கோள்குறியையும் அப்படியே வைத்தேன். இப்போது இரண்டும் சேர்ந்து சரியாக வேலை செய்தது.

ஆகவே தோழர்களே, 'ஆர்எம்' மீது குற்றமில்லை. அதனிடம் என்ன சொன்னேனோ அதைச் செய்தது. நான் சொன்னது வேறு, நினைத்தது வேறு.

இதைப் படித்துவிட்டு "மாணவன், தெரியாமல் செய்துவிட்டான்" என்று யாரும் பரிதாபப்பட வேண்டாம். 2001 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் மேக் கம்ப்யூட்டருக்கு வெளியிட்ட ஐடியூன்ஸ் 2.0 மென்பொருளின் நிறுவும் ஸ்கிரிப்டில் இதே குடும்பத்துப் பிழை இருந்தது. பழைய பதிப்பை நீக்கும் வரியில் மேற்கோள்குறி விட்டுப்போயிற்று. டிஸ்க் பெயரில் இடைவெளி வைத்திருந்த சிலருடைய ஃபைல்கள் அழிந்தன. அவசரமாக அதைத் திரும்பப் பெற்று 2.0.1 பதிப்பை வெளியிட்டார்கள். உலகப் பெரிய கம்பெனிக்கும் அதே முள்தான்!

மறுபடியும் தண்ணீரில் முக்கு

ஒட்டிய பிறகு அப்பா டியூபை மறுபடி ஒருமுறை தண்ணீரில் முக்குவார். ஒட்டிய இடத்தை மட்டுமல்ல, முழு டியூபையும். கட்டளைகளைப் பராமரிப்பவர்களும் ஒவ்வொரு பிழையைத் திருத்தியதும், அந்தப் பிழை திரும்ப வந்தால் பிடித்துக்கொள்ளும்படி ஒரு சோதனையை எழுதிச் சேர்த்துவிடுவார்கள். அடுத்த வருடம் வேறொருவர் வேறெதையோ மாற்றும்போது பழைய ஓட்டை திறந்துகொண்டால், அந்தச் சோதனை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

எந்த மாற்றத்தில் பிழை நுழைந்தது என்று கண்டுபிடிக்கவும் ஒரு வழி இருக்கிறது. 1000 மாற்றங்கள் நடந்திருந்தால் ஆயிரத்தையும் சோதிக்க வேண்டாம். நடுவில் உள்ளதைச் சோதி. அது நன்றாக இருந்தால் பிழை பிற்பாதியில், இல்லையென்றால் முற்பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் சுமார் 10 சோதனையில் ஆளைப் பிடித்துவிடலாம். டேட்டா ஸ்ட்ரக்சரில் மார்க்குக்காகப் படித்த பைனரி சர்ச், இங்கே சோறு போடுகிறது!

நானும் என் ஸ்கிரிப்டுக்குச் சோதனைகள் எழுதினேன். பெயரில் ஒரு இடைவெளி, இரண்டு இடைவெளி, தமிழில் ஒரு பெயர் என்று வைத்துப் பார்த்தேன். எல்லாவிதப் பெயருக்கும் ஓட வேண்டும் என்று வெறும் நட்சத்திரம் போட்டும் பார்த்தேன். அப்போது '-' என்ற கோட்டில் தொடங்கும் பெயரை 'ஆர்எம்' பெயராகவே எடுத்துக்கொள்ளாமல், தனக்குக் கொடுத்த உத்தரவு என்று நினைத்துக்கொண்டது. அதற்கு முன்னால் 2 கோடு போட்டு "இனி வருவதெல்லாம் பெயர்தான்" என்று சொல்ல வேண்டும். பொருந்தும் பெயரே இல்லாவிட்டால் நட்சத்திரம் அப்படியே நிற்கிறது. அதற்கும் ஒரு வரி. கடைசியில் அழிப்பதையே விட்டுவிட்டேன். ஒரு தனி ஃபோல்டருக்கு நகர்த்தி வைத்து, 7 நாள் கழித்து மனிதர் பார்த்து அழிக்கட்டும் என்று மாற்றினேன். 3 வரி ஸ்கிரிப்ட் 31 வரியாயிற்று.

ஒரு மழை இரவும் ஒரு வகுப்பு அசைன்மெண்டும்

எதிர்பாராத உள்ளீட்டைக் கொடுத்துச் சோதிப்பது என்றால் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் பார்ட்டன் மில்லர். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1988-ல் ஒரு மழை இரவில் வீட்டிலிருந்து டெலிபோன் லைன் வழியாகப் பல்கலைக்கழக யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் வேலை செய்துகொண்டிருந்தார். இடி மழையில் லைனில் இரைச்சல். அவர் தட்டாத எழுத்துகளெல்லாம் இடையில் புகுந்தன. அது வேறு விஷயம். ஆனால் அந்தக் குப்பை எழுத்துகளைத் தின்ற கட்டளைகள் பல செயலிழந்து விழுந்தனவே, அதுதான் அவரை யோசிக்க வைத்தது.

அவர் என்ன செய்தார்? தன் மாணவர்களுக்கு அதையே வகுப்பு அசைன்மெண்டாகக் கொடுத்தார்! தாறுமாறான எழுத்துகளை உற்பத்தி செய்யும் ஒரு புரோகிராம் எழுதி, அதை யூனிக்ஸ் கட்டளைகளுக்குள் செலுத்திப் பார்க்க வேண்டும். 7 வகை யூனிக்ஸில் சுமார் 90 கட்டளைகளைச் சோதித்தார்கள். எந்த வகையை எடுத்தாலும் சோதித்தவற்றில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை விழுந்தன. 1990-ல் முடிவை வெளியிட்டார்கள். காரணங்கள் நாம் சி லேபில் செய்யும் அதே தவறுகள்தான். அர்ரேயின் எல்லையைப் பார்க்காமல் எழுதுவது, பாயின்டரைக் கண்மூடி நம்புவது, ஃபங்ஷன் "முடியவில்லை" என்று திருப்பிச் சொன்னதைக் கவனிக்காமல் போவது.

'ஃபஸ்' என்று பெயர் வைத்த அந்தச் சோதனை முறை இன்று பாதுகாப்புத் துறையில் தனிப் பாடமாகவே வளர்ந்துவிட்டது. தொடங்கியது ஒரு வகுப்பறை அசைன்மெண்ட் என்பதை நாம் மறக்கக் கூடாது. 1995-ல் மறுபடி சோதித்தபோது, முன்பே சொல்லியிருந்த பிழைகளில் பல அப்படியே இருந்தன. விலைக்கு விற்ற யூனிக்ஸ்களை விட, இலவசமாகக் கிடைத்த க்னூ கட்டளைகள் குறைவாக விழுந்தன.

"இத்தனை வருஷம் ஓடுதே, அப்ப சரியாத்தானே இருக்கும்" என்பதும் தப்பு. 'யாக்' என்ற கருவியில் 1975 காலத்திலிருந்து ஒளிந்திருந்த ஒரு பிழையை 2008-ல் ஓபன்பிஎஸ்டி குழுவைச் சேர்ந்த ஓட்டோ மூர்பீக் கண்டுபிடித்துத் திருத்தினார். 33 வருடம்! அது அர்ரேயின் எல்லையைத் தாண்டி ஒரு இடத்தைப் படித்துக்கொண்டிருந்தது. யாருக்கும் தெரியவில்லை. அவர் மெமரி ஒதுக்கும் பகுதியைப் புதிதாகக் கண்டிப்போடு எழுதிச் சோதித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

திருத்தினாலும் திட்டு

பராமரிப்பில் இன்னொரு சங்கடம் உண்டு. ஒரு கட்டளையை மாற்றினால் அதை நம்பி எழுதிய ஆயிரக்கணக்கான ஸ்கிரிப்டுகள் உடையலாம். இடைவெளி விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 2016 ஜனவரியில் வெளியான கோர்யூட்டில்ஸ் 8.25 பதிப்பில், இடைவெளி உள்ள பெயர்களை 'எல்எஸ்' மேற்கோள்குறிக்குள் காட்டத் தொடங்கியது. பார்த்தவுடன் இது ஒரே பெயர் என்று புரியும். அந்த வசதி எங்கள் லேபிலும் இருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை.

நல்லதுதானே செய்தார்கள்? ஆனால் எத்தனை பேர் திட்டினார்கள் தெரியுமா! பழக்கம் கெட்டுவிட்டது, அசிங்கமாக இருக்கிறது என்று புகார்கள் குவிந்தன. ஆனாலும் ஒரு நுணுக்கம் பாருங்கள். மேற்கோள்குறி திரையில் மட்டும்தான் வரும். பைப் வழியாக இன்னொரு புரோகிராமுக்குப் போகும்போது பழையபடியே போகும். பழைய ஸ்கிரிப்டுகள் உடையக் கூடாது என்ற அக்கறை அது. அப்பாவும் அப்படித்தான். வாடிக்கையாளரின் சீட் உயரத்தைக் கேட்காமல் மாற்ற மாட்டார்.

'அம்மா'வுக்கு எத்தனை எழுத்து?

கட்டளை மாறாவிட்டாலும் உலகம் மாறுகிறது. அதனாலும் பழுது வரும். யூனிக்ஸ் பிறந்தபோது ஒரு எழுத்து என்றால் ஒரு பைட். ஆங்கிலத்துக்கு அது போதும். நம் தமிழுக்கு?

'அம்மா' என்று ஒரு ஃபைலில் எழுதி எண்ணிப் பாருங்கள். நம் கணக்கில் 3 எழுத்து. யூனிகோடு கணக்கில் 5: அ, ம, புள்ளி, ம, துணைக்கால். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 15 பைட். 'டபிள்யூசி' கட்டளையில் பைட் கேட்டால் 15 என்றும், எழுத்து கேட்டால் 5 என்றும் சொல்லும். (வரி முடிவுக்கும் ஒன்று கூட்டிக்கொள்ளும்.) ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும் 3 என்ற விடை வரவே வராது. 'ரெவ்' கட்டளையில் தமிழைத் திருப்பிப் போட்டால் துணைக்கால் முன்னால் வந்து நின்று சிரிக்கும்.

'ஆக்' என்ற கட்டளை 1977-ல் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் என்ற மூவர் உருவாக்கியது. நம் சி புத்தகத்தின் ஆசிரியர்களில் ஒருவரான அதே பிரையன் கெர்னிகன்தான். மூலப் பதிப்பான அவர்களுடைய 'ஆக்' பைட்டைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது. 2022-ல், தன் 80-ஆவது வயதில், கெர்னிகனே உட்கார்ந்து அதில் யூனிகோடு வசதியைச் சேர்த்தார். புதுக் கருவியான 'கிட்' தனக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை என்று அடக்கத்தோடு எழுதியிருந்தார். இப்போது அந்த 'ஆக்' 'அம்மா'வை 15 என்று சொல்லாது, 5 என்று சொல்லும். 45 வருடத்துக்கு முன் எழுதியதை 80 வயதில் திருத்துகிறார் என்றால் பொறுப்பு என்பது அதுதானே!

அந்த 'ஆக்' மூலநிரலோடு 'ஃபிக்ஸஸ்' என்று ஒரு ஃபைல் வரும். 1987 ஆகஸ்டில் 'ஆக்' புத்தகம் அச்சுக்குப் போனதிலிருந்து செய்த திருத்தங்களைத் தேதிவாரியாக அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் படியுங்கள். ஒரு புரோகிராமின் மருத்துவச் சீட்டு அது.

இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை 32 பிட்டில் எண்ணும் கருவிகளுக்கு, 2038 ஜனவரி 19 அன்று நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்குப் பிறகு எண்ண இடமிருக்காது. ஓபன்பிஎஸ்டி 2014-லேயே 64 பிட்டுக்கு மாறிவிட்டது. பழைய சின்னச் சின்ன இயந்திரங்களில் இருப்பதையெல்லாம் யாராவது தேடிப் பிடித்து மாற்ற வேண்டும். அந்த யாராவதில் நாமும் இருக்கலாம்.

தனி ஆள்

இவ்வளவையும் செய்வது யார்? சில இடங்களில் கம்பெனிகள் சம்பளம் கொடுக்கின்றன. பல இடங்களில் சொந்த நேரத்தில், சம்பளமில்லாமல், ஒரே ஒரு ஆள். அது எவ்வளவு ஆபத்து என்று 2024-ல் உலகமே பார்த்தது.

'எக்ஸ்இசட்' என்பது ஃபைலைச் சுருக்கும் கட்டளை. பெரும்பாலான லினக்ஸ்களில் இருக்கும். அதைப் பல வருடமாகத் தன்னார்வலர் ஒருவர்தான் பார்த்துவந்தார். வேலைப் பளு. "ஏன் தாமதம்?" என்று வேறு நெருக்குதல். அப்போது உதவிக்கு ஒருவர் வந்தார். 2 வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கையைப் பெற்று, கூட்டுப் பொறுப்பாளராகவே ஆனார். 2024 பிப்ரவரியில் 5.6.0 பதிப்பில், வெளியாள் கம்ப்யூட்டருக்குள் நுழையும் கள்ளக் கதவு ஒன்றை ஒளித்து வைத்தார்.

பிடித்தது எப்படித் தெரியுமா? ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கம்ப்யூட்டரில் லாகின் ஆக வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று கவனித்தார். அரை விநாடிதான்! நாமாக இருந்தால் "நெட் ஸ்லோ" என்று விட்டிருப்போம். அவர் விடவில்லை. தோண்டிக்கொண்டே போய் முள்ளைப் பிடித்தார். 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். கள்ளக் கதவு பரவலாகப் போய்ச் சேருவதற்கு முன்பே அடைக்கப்பட்டது.

எனக்கு இதில் 2 பாடம். ஒன்று, சின்ன அறிகுறியை அலட்சியம் செய்யாதே. நான் ஒரு வரிப் பிழைச் செய்தியை அலட்சியம் செய்து நண்பனின் 42 பக்கத்தை இழந்தேன். இரண்டு, பராமரிக்கிறவரைத் தனியாக விடாதே.

முடிவாக

நண்பர்களே, புதிதாக ஒன்றை எழுதினால் கைதட்டுகிறார்கள். இருப்பதைப் பழுது பார்த்தால் யாரும் கவனிப்பதில்லை. நன்றாக ஒட்டிய பஞ்சர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. வண்டி ஓடுகிறது, அவ்வளவுதான். ஆனால் ஊர் ஓடுவது அப்படிப்பட்ட வேலைகளால்தான்.

நாம் என்ன செய்யலாம்? பெரிய திட்டம் வேண்டாம். பிழைச் செய்தியை முழுவதும் படியுங்கள். பிழை வந்தால் 4 விவரத்தோடு எழுதி வையுங்கள். கையேட்டில் தவறாக இருக்கும் ஒரு வாக்கியத்தைச் சுட்டிக்காட்டினாலும் அது பராமரிப்புத்தான். அழிக்கும் கட்டளைக்கு முன் ஒருமுறை 'எக்கோ' போட்டு என்ன அழியப் போகிறது என்று பாருங்கள். முக்கியமாக, நண்பனின் ரிப்போர்ட்டுக்கு இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள்!

என் 31 வரி ஸ்கிரிப்ட் இப்போது லேபில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வருடத்தோடு நான் வெளியே போகிறேன். அது இங்கேயே இருக்கும். ஏன் ஒவ்வொரு வரியும் அப்படி இருக்கிறது என்று அதனோடு ஒரு நோட்டும், என் தவறையும் சேர்த்து, எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாம் ஆண்டுத் தம்பி ஒருவரும் தங்கை ஒருவரும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேர். வேண்டுமென்றேதான் இரண்டு பேரிடம் கொடுத்தேன்.

இதை எழுதியதும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஐடியூன்ஸ், ஆக் எல்லாம் அவருக்கு விளங்கவில்லை. 'ரெண்டாவது தடவையும் முக்கிப் பாத்தான்' என்ற இடம் வந்ததும் தலையாட்டினார். "சரியாத்தான் எழுதியிருக்க" என்றார். எனக்கு அது போதும்.

- மூன்றாம் ஆண்டு மாணவன், கணிப்பொறித் துறை